முதுகெலும்பு முறிவும் சிமென்ட் ஊசியும்: எண்ணிக்கை ஏறியதும் இறங்கியதும் யாரால்?

#1 கோடிங்காரன் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்த இழை. எனக்கு வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைப் படித்து பில்லுக்கு எண் போடுகிறவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே துறையின் கேஸ்களை வருஷக்கணக்கில் படித்தால் ஒன்று பிடிபடும்: எது கூடுகிறது, எது சத்தமில்லாமல் காணாமல் போகிறது என்று.

வயதானவர்களுக்கு எலும்பு வலுவிழந்து முள்ளெலும்பு நசுங்கிப்போவது தெரிந்த கதை. குனிந்து ஒரு வாளியைத் தூக்கினாலே போதும், சிலருக்குத் தும்மினாலே போதும். இதற்கு ஊசி வழியாகச் செய்யும் சிகிச்சை இரண்டு.

வெர்டிப்ரோபிளாஸ்டி: எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியை முள்ளெலும்புக்குள் இறக்கி எலும்பு சிமென்ட்டைச் செலுத்துவது. 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்ற இரண்டு டாக்டர்கள் முதலில் செய்தார்கள். அதுகூட வயதானவர் முறிவுக்கு இல்லை, கழுத்து எலும்பில் இருந்த ஒரு ரத்தநாளக் கட்டிக்கு.

கைஃபோபிளாஸ்டி: சிமென்ட்டுக்கு முன்னால் ஒரு பலூனை உள்ளே விட்டு ஊதி, நசுங்கியதைக் கொஞ்சம் நிமிர்த்தி, உண்டான குழியில் சிமென்ட் நிரப்புவது. 1998-ல் வந்தது.

இனி கணக்கு. அமெரிக்காவின் மெடிகேரில் (65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசுக் காப்பீடு) 2001-ல் வெர்டிப்ரோபிளாஸ்டிக்குத் தனி கோடு (பில்லில் போடும் எண்) வந்தது. 2005-க்குள் அந்தச் சிகிச்சையின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2006-ல் கைஃபோபிளாஸ்டிக்கும் தனி கோடு. 2007, 2008-ல் உச்சம்: முறிவு என்று பதிவான மெடிகேர் நோயாளிகளில் 24% பேருக்கு இரண்டில் ஒன்று செய்யப்பட்டது. 2014-ல் அது 14%.

ஏன் இறங்கியது என்று கேட்டால் எல்லோரும் “2009 ஆராய்ச்சி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு உறுத்தல். இரண்டும் ஒரே மாதிரி இறங்கவில்லையே! விலை குறைந்த வெர்டிப்ரோபிளாஸ்டிதான் சரிந்தது. விலை கூடிய கைஃபோபிளாஸ்டி தாக்குப்பிடித்து முன்னால் போய்விட்டது. இது எப்படி?

---

#2 சந்தேகப்பிராணி

நல்ல கேள்வி. ஆனால் 2009-ஐ ஒரே வார்த்தையில் தாண்டிப் போகாதீர்கள், அது சாதாரண ஆராய்ச்சி இல்லை.

அந்த ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு சோதனைகள் ஒன்றாக வந்தன. ஒன்று ஆஸ்திரேலியாவில் 78 பேர், இன்னொன்று கால்ம்ஸ் குழுவினர் 131 பேரை வைத்துச் செய்தது. இரண்டிலும் பாதிப் பேருக்கு நிஜமான சிமென்ட், மீதிப் பேருக்கு நடிப்பு. நடிப்பு என்றால் சும்மா இல்லை. அதே அறை, அதே மேஜை, முதுகில் மரத்துப்போகும் ஊசி. சிமென்ட் கலக்கும்போது மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும், அந்த நெடி வரும்படியும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே மட்டும் எதுவும் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு.

அதற்கு முன்னால் வரை டாக்டர்கள் சொன்னது என்ன? “ஸ்ட்ரெச்சரில் வந்தவர் நடந்து போனார்.” பொய் இல்லை, நிஜமாகவே நடந்துதான் போனார். சிமென்ட் போடாதவரும் நடந்து போனார் என்பதுதான் சேதி.

---

#3 எக்ஸ்ரே கண்

நான் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகச் சிகிச்சை செய்யும் துறை) படிப்பவன். இந்தச் சிகிச்சையைச் செய்கிற கூட்டத்தில் ஒருவன் என்பதால் என் சாய்வையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகப்பிராணி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தச் சோதனைகளில் யார் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். ஒரு வருஷம் வரை பழைய முறிவும் சேர்த்தி. கால்ம்ஸ் சோதனைக்கு 1,813 பேரைப் பரிசீலித்து, கடைசியில் சேர்ந்தது 131 பேர். வலி தாங்க முடியாமல் துடிப்பவர், “பாதிக்குப் பாதி நடிப்பு” என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவாரா?

2016-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேப்பர் என்ற சோதனை வந்தது. 120 பேர், எல்லோருக்கும் முறிவு 6 வாரத்துக்குள், கடும் வலி, பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். 14-ம் நாள் வலி 10-க்கு 4-க்குக் கீழே வந்தவர்கள் சிமென்ட் பக்கம் 44%, நடிப்புப் பக்கம் 21%. இழை செலவைப் பற்றியது என்பதால் இன்னொன்றும்: படுத்திருந்தவர்களில் சிமென்ட் போட்டவர்கள் நடுமதிப்பில் 5.5 நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள்.

---

#4 சந்தேகப்பிராணி

> முறிவு 6 வாரத்துக்குள், கடும் வலி

2018-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? நெதர்லாந்தின் வெர்டோஸ் 4. 180 பேர். 9 வாரம் வரையான புது முறிவுகள். மறுபடி நடிப்பு ஊசியோடு ஒப்பீடு. வித்தியாசம் இல்லை.

---

#5 எக்ஸ்ரே கண்

விடவில்லை, நீங்கள் கொண்டுவருவீர்கள் என்று தெரியும் :) அந்தச் சோதனையில் “நடிப்பு” என்பது எலும்பின் மேலுறை வரை போன மரத்துப்போகும் ஊசி. அதையே ஒரு சிகிச்சை என்று வாதிடுகிறவர்கள் எங்களில் உண்டு. எனக்கே அது கொஞ்சம் இழுத்துப்பிடிக்கிற வாதமாகத்தான் படுகிறது. அப்படியே ஒத்துக்கொண்டாலும், மரத்துப்போகும் ஊசி போதுமென்றால் சிமென்ட் எதற்கு என்ற கேள்வி எங்கள் தலையில்தான் வந்து விழும்.

என் நிலைப்பாடு இதுதான்: எல்லோருக்கும் வேண்டாம். வலி மாத்திரைக்கும் அடங்காமல், புரண்டு படுக்கக்கூட முடியாமல், எம்.ஆர்.ஐ.யில் அதே எலும்பு புது முறிவாகத் தெரிகிற ஒரு சிறு கூட்டத்துக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

---

#6 மழைக்காகம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்த இழை என் கண்ணில் பட்டது என் அதிர்ஷ்டம்.

அம்மாவுக்கு 71. பன்னிரண்டு நாள் முன்னால் குனிந்து எதையோ இழுத்தார், முதுகில் “சடக்” என்று ஒரு வலி. எக்ஸ்ரேயில் டி12 (நெஞ்சுப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு) நசுங்கியிருக்கிறது. கால் நன்றாக அசைகிறது. எழுந்து உட்காரும்போதுதான் உயிர் போகிறது, படுத்துவிட்டால் பரவாயில்லை. பார்த்த டாக்டர் பலூன் வைத்து செய்துவிடலாம், இந்த வாரமே நல்லது என்கிறார். செலவு பெரிசு. அதைவிட, எதற்கு இந்த அவசரம் என்றுதான் புரியவில்லை. காத்திருந்தால் எலும்பு இன்னும் நசுங்கிவிடுமா?

---

#7 பிசியோ பாண்டி

மழைக்காகம் அக்கா, முதல்ல இதைப் பாருங்க. கால் மரத்துப் போறது, பலம் குறையறது, சிறுநீர் மலம் அடக்க முடியாம போறது, காய்ச்சல், முன்னாடி புற்றுநோய் இருந்தது, காரணமில்லாம எடை குறையறது. இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த இழையை மூடிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது வேற கதை.

இதெல்லாம் இல்லேன்னா மூச்சு விட நேரம் இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துல வலி நல்லா இறங்கிடும். நான் பார்க்கிற தப்பு ஒண்ணுதான்: “அசையாம படு”ன்னு மாசக்கணக்குல படுக்க வெச்சிடறாங்க. வயசானவங்களுக்குப் படுக்கைதான் விஷம். தசை கரையும், எலும்பு இன்னும் மெலியும், நெஞ்சுல சளி கட்டும். வலி மாத்திரையைப் போட்டு அது வேலை செய்யற நேரத்துல எழுப்பி உட்கார வைங்க, நாலு அடி நடக்க வைங்க. ஒருக்களிச்சுப் படுத்து, கையை ஊன்றி எழணும். நேரா எழுப்பாதீங்க.

பெல்ட்? சிலருக்கு உட்கார தைரியம் தருது, அவ்வளவுதான். எலும்பை அது ஒட்ட வைக்காது.

---

#8 எக்ஸ்ரே கண்

மழைக்காகம், எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். நசுங்கிய எலும்பு எக்ஸ்ரேயில் நசுங்கித்தான் தெரியும். அது போன வாரம் நசுங்கியதா ஐந்து வருஷம் முன்னால் நசுங்கியதா என்று அது சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பை அமுக்கி எடுக்கும் ஸ்டிர் படத்தில் புது முறிவு வெள்ளையாகப் பளிச்சிடும். வலிக்கும் இடமும் அதுவாகவே இருக்க வேண்டும். வேறு நோயால் எலும்பு அரித்து முறிந்திருந்தாலும் அதில் தெரியவரும்.

“காத்திருந்தால்” என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. 2010-ல் வந்த வெர்டோஸ் 2 என்ற சோதனையில் தகுதியானவர் என்று எடுத்தவர்கள் 431 பேர். யாருக்குச் சிமென்ட், யாருக்கு இல்லை என்று சீட்டுப் போடுவதற்கு முன் நடந்த பரிசோதனைக் காலத்திலேயே 229 பேருக்கு வலி தானாகக் குறைந்துவிட்டது. பாதிக்கு மேல்! மீதி 202 பேர்தான் சோதனைக்குப் போனார்கள்.

கொஞ்சம் கூடுதலாக நசுங்கும் வாய்ப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக இந்த வாரமே என்று கழுத்தைப் பிடிக்கிற நிலைமை, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இல்லை.

---

#9 இழைக்காவலர் (நெறியாளர்)

வழக்கமான அறிவிப்பு: இங்கே யாரும் யாருக்கும் மருந்துச்சீட்டு எழுதவில்லை. மழைக்காகம், இங்கே படித்ததை உங்கள் டாக்டரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள். மற்றவர்கள் தொடரலாம்.

---

#10 கோடிங்காரன்

“பலூன் வைத்து செய்துவிடலாம்” என்ற வரியைப் பார்த்ததும் என் முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிட்டேன். ஏன் பலூன்?

பில்லைப் பிரித்துச் சொல்கிறேன். வெர்டிப்ரோபிளாஸ்டிக்குப் பொருள் என்று பார்த்தால் ஊசி, சிமென்ட், கலக்கும் சாதனம். சில நூறு டாலரில் முடிகிற சங்கதி. கைஃபோபிளாஸ்டியின் பலூன் செட் ஆயிரக்கணக்கில். இரண்டு எலும்பு என்றால் பில் இன்னும் ஏறும். ஆரம்ப காலத்தில் முழு மயக்கம் கொடுத்து ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்கவைத்துச் செய்வதும் பலூன் பக்கம்தான் அதிகம். ஆக செலவு வித்தியாசத்தின் பெரும்பகுதி டாக்டரின் கைவேலைக்கு இல்லை. கருவி, மயக்கம், படுக்கை.

படுக்கையைப் பற்றி ஒரு கிளைக்கதை, கோடிங் உலகில் எல்லோருக்கும் தெரிந்தது. பலூனை விற்ற கம்பெனியின் பெயர் கைஃபோன். 2007-ல் மெட்ரானிக் அதைச் சுமார் 390 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பலூனுக்கு அந்த விலை என்றால் மருத்துவச் சந்தை என்ன நம்பியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இதற்கிடையில் கைஃபோனின் முன்னாள் ஊழியர்கள் இரண்டு பேர் வழக்குப் போட்டிருந்தார்கள்: அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பக்கூடிய நோயாளிகளை உள்நோயாளியாகப் பதிந்து மெடிகேரிடம் கூடுதல் பணம் கேட்கும்படி ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று. 2008-ல் 7.5 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. அமெரிக்க நீதித் துறை ஆஸ்பத்திரிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தது. 2015 முடிவுக்குள் 130-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள், மொத்தம் சுமார் 10.5 கோடி டாலர் கட்டின.

அப்போது எங்கள் வரிசைக்கு வந்த கேஸ்களில் “இன்பேஷன்ட்” என்ற சொல் அரிதாகிக்கொண்டே போனது. எலும்பில் ஒரு மாற்றமும் இல்லை, நோயாளியும் அதே நோயாளிதான், ராத்திரி தங்கல் மட்டும் மறைந்துவிட்டது!

பிற்பாடு இன்னொரு நகர்வு. டாக்டரின் சொந்த கிளினிக்கில் செய்தால், பலூன் செலவையும் சேர்த்து மெடிகேர் டாக்டருக்கே கொடுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் செய்தால் டாக்டர் கைக்கு வருவது சில நூறு டாலர். கிளினிக்கில் செய்தால் பல ஆயிரம், அதில் கருவி விலை போக மிச்சம் அவருக்கு. கிளினிக் கேஸ்கள் கூடின என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

---

#11 சந்தேகப்பிராணி

இப்போது உங்கள் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

2009-ல் நடிப்பு ஊசியோடு மோதித் தோற்றது எது? வெர்டிப்ரோபிளாஸ்டி. கைஃபோபிளாஸ்டியை யாராவது அப்படிப் பெரிய அளவில் சோதித்தார்களா? இல்லை. அதற்கென்று இருந்தது ஃப்ரீ என்ற சோதனை, அதே 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 300 பேர். ஒரு பக்கம் பலூன், மறுபக்கம் மாத்திரை, பெல்ட், ஓய்வு. யாருக்கு என்ன கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். பலூன் பக்கம் முதல் மாதத்தில் நன்றாக இருந்தது, வருஷக் கடைசியில் இடைவெளி சுருங்கிவிட்டது.

அடுத்த வருஷம் அமெரிக்க எலும்பு அறுவை டாக்டர்களின் சங்கம் வழிகாட்டி போட்டது. வெர்டிப்ரோபிளாஸ்டி வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது. கைஃபோபிளாஸ்டியை “ஒரு வாய்ப்பு” என்று மென்மையாக விட்டுவைத்தது. பரீட்சை எழுதித் தோற்றவனை வெளியே அனுப்பிவிட்டு, பரீட்சையே எழுதாதவனை உள்ளே உட்கார வைத்த கதை இது. அவனுக்குக் கட்டணமும் கூடுதல்!

---

#12 எக்ஸ்ரே கண்

உவமை கொஞ்சம் காரம். ஆனால் மறுக்க முடியவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்த சோதனை ஒன்று உண்டு, காவியர், 2014-ல் வந்தது, 381 பேர். பாதியிலேயே நிறுத்தப்பட்டதால் எல்லாவற்றுக்கும் அதை நம்ப முடியாது. வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பலூன் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது: சிமென்ட் கசிவு குறைவு. வெர்டிப்ரோபிளாஸ்டியில் சி.டி. எடுத்துத் தேடினால் கசிவு ரொம்ப சகஜம். வெர்டோஸ் 2-வில் சிகிச்சை செய்த எலும்புகளில் 72%-ல் ஏதோ ஒரு கசிவு தெரிந்தது, ஆனால் அதனால் யாருக்கும் தொந்தரவு வரவில்லை. அபூர்வமாக சிமென்ட் ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்கோ, பின்னால் தண்டுவடத்தின் பக்கமோ போனால்தான் விபரீதம். நிமிர்த்துவது என்ற பெருமையும் ஓரளவுக்குத்தான். பலூனை வடியவிட்டதும் நிமிர்ந்ததில் ஒரு பங்கு திரும்ப அமுங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்கிறோம் என்று உள்ளேயே தங்கிவிடும் ஜாக்கி மாதிரியான உலோகக் கருவிகளும் வந்துவிட்டன. விலை இன்னும் ஒரு படி மேலே.

---

#13 வெள்ளைத்தாள்

எல்லோரும் வலியையும் காசையும் மட்டுமே பேசுகிறீர்கள். உயிர்? 2011-ல் மெடிகேர் பதிவுகளில் 8,58,978 முறிவு நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சிமென்ட் சிகிச்சை செய்தவர்களில் நாலு வருஷ முடிவில் 60.8% பேர் உயிரோடு இருந்தார்கள், செய்யாதவர்களில் 50%. 2009-க்குப் பிறகு பயந்து நிறுத்தியதால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? எட்டரை லட்சம் பேருக்கு முன்னால் 131 பேர் சோதனை எந்த மூலைக்கு?

---

#14 சந்தேகப்பிராணி

எண்ணிக்கை பெரிசானால் உண்மையும் பெரிசாகாது, வெள்ளைத்தாள் அவர்களே. யாருக்குச் சிமென்ட் போடுகிறார்கள்? மேஜையில் ஒரு மணி நேரம் குப்புறப் படுக்கக்கூடியவருக்கு. இதயம், நுரையீரல் தேறியவருக்கு. “இவருக்கு இனி எதற்கு” என்று டாக்டர் விட்டுவிட்டவர்கள் எந்தப் பட்டியலில் இருப்பார்கள்?

2013-ல் இதை ஒரு குழு அழகாகப் பிடித்தது. அதே மெடிகேர் பதிவுகள்தான். பின்னால் சிமென்ட் போட்டுக்கொண்டவர்களை, போட்டுக்கொள்வதற்கு முன்னால் இருந்த நாட்களில் பார்த்தார்கள். ஊசி படுவதற்கு முன்பே அவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு! அவர்கள் முதலிலேயே தெம்பானவர்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துச் சமமானவர்களை ஒப்பிட்டதும் ஆயுள் வித்தியாசம் மறைந்துவிட்டது.

---

#15 வெள்ளைத்தாள்

அந்த ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கிறேன். ஆனாலும் 2018-ல் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து வந்ததும் அதே திசையைத்தான் காட்டியது. கோடிங்காரன் சொன்ன 24%, 14% எண்களும் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரே ஆராய்ச்சியில் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விட்டுவிடுவதா?

---

#16 கோடிங்காரன்

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், அதே ஆராய்ச்சிதான். எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்று எண்ணுவதற்கு பில் பதிவு போதும். செய்ததால்தான் பிழைத்தார்களா என்று சொல்ல அது போதாது. அந்தப் பதிவை எழுதுகிறவனே சொல்கிறேன்: அதில் நோயாளி நடந்து வந்தாரா தூக்கி வந்தார்களா என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

---

#17 நாலுதிசை

மற்ற நாடுகளில் காசு கொடுக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு 2013-ல் இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தது, நிபந்தனையோடு: புதிய, ஆறாத முறிவு, சரியான வலி மருந்து கொடுத்தும் கடும் வலி தொடர்வது, வலிக்கிற இடமும் படத்தில் தெரிகிற இடமும் ஒன்றாக இருப்பது.

ஆஸ்திரேலியா இன்னும் சுவாரசியம். 2009 சோதனைகளில் ஒன்று அங்கே நடந்தது. 2011-ல் அரசு வெர்டிப்ரோபிளாஸ்டிக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. வேப்பரும் அங்கேதான் நடந்தது. 2020 நவம்பரில் பணம் திரும்பி வந்தது, புத்தம்புது முறிவுகளுக்கு மட்டும். ஒரே நாடு தன் சோதனையைப் பார்த்து நிறுத்தி, தன் இன்னொரு சோதனையைப் பார்த்து சின்னக் கதவாகத் திறந்திருக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

---

#18 ஸ்க்ரூ போட்டவன்

விபத்தில் முறிந்தவர்களை யாரும் பேசவில்லையே! எனக்கு 34 வயதில் எல்1 (இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு) வெடித்த முறிவு. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. செய்யாமலே விட்டிருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை.

---

#19 எக்ஸ்ரே கண்

அது வேறு முறிவு, வேறு கணக்கு. நரம்பு நசுங்கினாலோ பின்பக்கத் தசைநார் கிழிந்து எலும்பு நிலைகுலைந்தாலோ ஸ்க்ரூ வேண்டும், அதில் தகராறு இல்லை. நிலையான வெடித்த முறிவு, நரம்பும் நன்றாக இருக்கிறது என்கிற கூட்டத்தில்தான் விவாதம். 2003-ல் வுட் குழுவினர் 47 பேரை வைத்துச் செய்த சோதனையில் அறுவைக்கும் பெல்ட்/மாவுக்கட்டுக்கும் முடிவு ஏறக்குறைய ஒன்று. பில் மட்டும் சராசரியாக 49,063 டாலர் எதிர் 11,264 டாலர். அதே ஆட்களைப் பதினாறு வருஷத்துக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது அறுவை செய்யாதவர்கள் வலியில் கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள்.

ஆனால் உங்கள் எம்.ஆர்.ஐ.யில் பின்பக்கத் தசைநார் எப்படி இருந்தது என்று தெரியாமல் “விட்டிருக்கலாம்” என்று சொல்லும் அந்த ஒருவரை நம்பித் தூக்கத்தை விடாதீர்கள்.

---

#20 பிசியோ பாண்டி

எல்லாரும் ஊசியா பலூனான்னு சண்டை போடுறீங்க. இடிஞ்ச சுவத்துல ஓட்டையை அடைச்சுட்டு, கூரை ஒழுகறதைப் பார்க்காம போற மாதிரி இருக்கு.

முள்ளெலும்பு ஒண்ணு முறிஞ்ச பெண்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு ஒரே வருஷத்துல அடுத்தது முறியுது. 2001-லயே வந்த கணக்கு, 19.2%. சிமென்ட் போட்டது அந்த ஒரு எலும்புக்கு மட்டும்தானே, பக்கத்து எலும்பு அதே மெலிஞ்ச எலும்புதான். சோலெட்ரானிக் அமிலம்னு வருஷத்துக்கு ஒரு டிரிப் ஊசி இருக்கு. 2007 சோதனையில மூணு வருஷத்துல முள்ளெலும்பு முறிவை 70% குறைச்சது. ஜெனரிக்காவே கிடைக்குது. பலூன் விலையோட வெச்சுப் பார்த்தா சில்லறை. ஆனா எங்கிட்ட சிமென்ட் போட்டுட்டு வர்றவங்கள்ல டிஸ்சார்ஜ் சீட்டுல எலும்பு மருந்து எழுதியிருக்கறது ரொம்பக் கம்மி. சிமென்ட் போட்டவர், எலும்பு டாக்டர் எழுதுவார்னு நினைக்கிறார். எலும்பு டாக்டர், குடும்ப டாக்டர் எழுதுவார்னு நினைக்கிறார்.

---

#21 கோடிங்காரன்

பாண்டி சொன்னது இப்போது விதியிலேயே ஏறிவிட்டது. மெடிகேர் பில்லைப் பார்க்கும் ஒப்பந்த நிறுவனங்களின் புதிய விதிகளில் முறிவு எத்தனை வாரம், வலி 10-க்கு எத்தனை, எம்.ஆர்.ஐ. ஆதாரம் இதோடு, எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் எலும்பு மருந்துக்கும் அனுப்பியதாகக் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். அனுப்பினதாக எழுதினால் போதும், நோயாளி போனாரா என்று கேட்பதில்லை. கட்டத்தில் டிக் இருக்கிறது, அதற்கு மேல் நான் பார்க்க வழியில்லை.

---

#22 எக்ஸ்ரே கண்

ஒரு எச்சரிக்கை. டெனோசுமாப் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது, நல்ல மருந்துதான். ஆனால் மாற்று மருந்து இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் எலும்பு கரைவது எகிறி, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறிந்தவர்கள் உண்டு. அந்த நிலையில் ஒவ்வொன்றாகச் சிமென்ட் போட்டுக்கொண்டே போனால் பக்கத்திலிருப்பது முறிகிறது என்று எலும்பு மருந்து நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். வரிசையாக மூன்று நான்கு முறிவோடு வருகிறவரிடம் எங்கள் பேராசிரியர் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: “ஏதாவது ஊசியை நிறுத்தினீர்களா?”

---

#23 மழைக்காகம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டி12 புது முறிவுதான், வேறு நோய் எதுவும் இல்லை. படத்தோடு இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் சொன்னார்: “வலி இறங்கிக்கொண்டே இருந்தால் ஊசி எதற்கு? இறங்காமல் நின்றுவிட்டால் வாருங்கள், போட்டுவிடலாம்.” முதல் வாரம் 9 என்ற அம்மா நேற்று 4 என்றார். பாண்டி சொன்ன மாதிரி ஒருக்களித்து எழுகிறார். பெல்ட் கட்டச் சொன்னால் கோபம் வருகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு. மூன்று வருஷம் முன்னால் முதுகு வலி என்று எடுத்த பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துக் காட்டினேன். அதில் டி8-ம் நசுங்கியிருக்கிறதாம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

சோலெட்ரானிக் போடலாம் என்கிறார்கள். அதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

---

#24 எக்ஸ்ரே கண்

சிறுநீரக ரத்தப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி. குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். பல் பிடுங்கும் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும், பயப்படாதீர்கள்.

டி8 பற்றி: முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறது. ரிப்போர்ட் எழுதுகிற எங்கள் பக்கத் தவறும் அதில் இருக்கிறது.

---

#25 பிசியோ பாண்டி

அக்கா, பெல்ட் போனா போகட்டும், விடுங்க. வீட்டுல தரையில சுருண்டு கிடக்கிற மிதியடி, இருட்டுல எரியாத விளக்கு, ராத்திரி பாத்ரூம் போற வழி, இந்த மூணையும் இன்னைக்கே பாருங்க. வலி 2-க்கு வந்ததும் சொல்லுங்க, முதுகுத் தசைக்குப் பயிற்சி எழுதறேன். குனியற பயிற்சி ஒண்ணு கூட இருக்காது.

---

#26 மழைக்காகம்

விளக்கு மாற்றிவிட்டேன். மிதியடியை எடுக்க அம்மா விடவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.